நிற்கும் உருவமும் எரியும் உருவமும்

கொச்சிக்கடையில் மா ஓயாப் பாலத்தைத் தாண்டினால் புத்தளம் மாவட்டம் தொடங்கிவிடும். அங்கிருந்து வென்னப்புவ, மாரவில, மாதம்பை, சிலாபம், முந்தல், பாலாவி என்று ஏ-3 வீதி கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே ஏறுகிறது. பஸ்ஸில் யன்னலோரம் இருப்பவர் கண்ணில் இந்த வழியில் ஓயாமல் படுபவை மனித உருவங்கள். சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிக்குள் அம்பு தைத்த செபஸ்தியார், குழந்தை ஏந்திய அந்தோனியார். அரச மரத்தடியில் புத்தர். சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரத்துச் சுதை வேலை. புத்தளம் நகரை நெருங்க நெருங்க உருவங்கள் குறைந்து மினாராக்கள் கூடுகின்றன. மாவட்டத்து மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். உருவத்தின் முன் முழங்காலிடும் ஊரும், உருவமே கூடாது என்னும் ஊரும் இங்கே ஒரே வீதியில் அடுத்தடுத்து இருக்கின்றன.

தமிழில் இவ்வுருவங்களுக்குப் பொதுவான ஒரு பெயர் புழக்கத்தில் இல்லை. கத்தோலிக்கருக்கு அது சொரூபம், சைவருக்கு விக்கிரகம். புத்தருக்கும் அரசியல் தலைவருக்கும் சிலை. தவக்காலத்துப் பாடுகளின் காட்சியில் நடிகருக்குப் பதிலாக நிற்கும் ஆளுயரப் பாவையை மன்னார்ப் பக்கத்தில் உடக்கு என்பார்கள். வயலில் நிற்பது வெருளி. சந்தியில் வைத்துக் கொளுத்த வைக்கோலால் கட்டுவது கொடும்பாவி. சொல் மாறும்போது, அந்த உருவத்தின் முன் மனிதர் நடந்துகொள்ளும் முறையும் மாறுகிறது. ஒன்றுக்கு மெழுகுதிரி, ஒன்றுக்குச் செருப்படி.

இப்படிப்பட்ட ஒரு கரையில், சமூகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்வதற்காக மனித உருவம் ஒன்றைச் செய்து வைத்தால் அது யாருக்குக் கேட்கும்? சிற்பியின் கெட்டித்தனத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்தக் கரையிலும், இதனோடு உறவுள்ள மற்றக் கரைகளிலும் உருவங்கள் என்ன பேசின, அவற்றுக்குப் பின்னர் என்ன நடந்தது என்று பார்த்தபின் எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. இங்கே உருவங்கள் பேசிய நல்ல பேச்செல்லாம் நகர்கிற, கரைகிற, எரிகிற உருவங்கள் பேசியவை. நிலத்தில் ஊன்றி நிற்கும் உருவமோ, வாய் திறக்குமுன்பே எல்லைக்கல் ஆகிவிடுகிறது.

ஊன்றி நின்றும் நன்றாகப் பேசும் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதம்பையில் பெருவீதியோரம் தனிவெல்ல தேவாலயத்தின் முன்னால் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் பெரிய வெள்ளைக் குதிரை. கோட்டை இராச்சியக் காலத்தில் மாதம்பையிலிருந்து ஆண்ட தனியவல்லபன் இங்கே தெய்வமாக வணங்கப்படுகிறான். மரியாதை செய்யாமல் குதிரையில் கடந்துபோன வெள்ளைக்காரன் ஒருவனுக்கு நேர்ந்த கதி பற்றி ஊரில் ஒரு கதை உண்டு; சொல்பவருக்குச் சொல்பவர் அதன் விவரம் மாறும். இன்றைக்கும் சாரதிகள் வண்டியை நிறுத்தி உண்டியலில் காசு போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஆளவந்தவனும் இந்த இடத்தில் இறங்கி நடக்க வேண்டும் என்பது அந்தக் குதிரை சொல்லும் சமூகச் செய்தி. கல்வெட்டோ விளக்கப் பலகையோ இல்லாமலே கொழும்பிலிருந்து வரும் லொறிக்காரருக்கு அது புரிகிறது. ஒரு சிலைக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் அந்த வெற்றியைக் கொடுத்தது சீமெந்து இல்லை. நாள்தோறும் நிறுத்திக் காசு போடும் கைகள்தான் அதைக் கொடுத்தன. இதைப் பின்னால் மறுபடியும் தொட வேண்டி வரும்.

இந்தக் கரையில் உருவங்களின் வரலாறு இடித்தலோடு தொடங்குகிறது. 1578-ல் போர்த்துக்கேயர் முன்னேஸ்வரத்தை இடித்தார்கள். பிறகு கரையோரம் முழுவதும் கோயில் மணி கேட்டது, சொரூபங்கள் வந்தன. எண்பது ஆண்டு போயிற்று. 1658-ல் ஒல்லாந்தர் தீவின் கரையோரத்தைப் பிடித்ததும், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஆணை பிறந்தது. உருவம் வைத்து வணங்குவதைச் சீர்திருத்தச் சபையார் வெறுத்தார்கள். உருவத்தை இடித்தவர்களின் சமயத்தைத் தழுவிய மீனவக் குடும்பங்கள், இப்போது உருவத்தை ஒளித்து வைக்க வேண்டியவர்கள் ஆனார்கள். கோவாவிலிருந்து 1687-ல் ஏழைக் கூலியாளைப் போல் வேடமிட்டு வந்த யோசேப்பு வாஸ் அடிகள் இரவில் வீடு வீடாகப் போய்த்தான் பூசை வைத்தார். அந்த நாளில் ஒரு சிறிய மரச் சொரூபம் வீட்டில் இருப்பதே அரசுக்கு எதிரான வாக்குமூலம். சிற்பத்தால் சமூகத்துக்கு ஒரு செய்தி சொல்வது என்றால் சதுக்கத்தில் பெரிதாக நிறுத்துவது என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்தக் கரையின் முதற் செய்தியோ பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

வாஸ் அடிகளுக்குப் பின் 1705-ல் வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். கொங்கணி அவருடைய தாய்மொழி. தமிழும் சிங்களமும் படித்து இரண்டிலும் நூல் எழுதினார். 1742-ல் அவர் உயிர் பிரிந்தது போலவத்தையில். இன்றைய புத்தளம் மாவட்டத்தின் தென்கோடிதான் அது. அவர் எழுதிய வியாகுலப் பிரசங்கங்கள் தவக்காலத்தில் ஒப்பாரி இராகத்தோடு பாடப்பட்டு வருகின்றன. பாடுகளைச் சொரூபங்களால் காட்டும் மரபு அந்த வாசிப்போடு சேர்ந்து வளர்ந்தது. மேடையில் ஒருவர் வாசிக்க, திரைக்குப் பின்னிருந்து ஆளுயரப் பாவைகளை அசைப்பார்கள். மன்னார்த் தீவின் பேசாலையில் இது உடக்குப் பாஸ். நீர்கொழும்பின் துவவில் நடிகரோடு சொரூபமும் சேர்ந்து வரும். பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கப்படும் இயேசுவுக்குக் கைகளை மடக்கக்கூடிய மூட்டு வைத்த சொரூபம். அதை ஆசந்தியில் கிடத்திப் பவனியாகக் கொண்டுபோகும்போது ஊர் முழுவதும் ஒரு சாவு வீட்டின் பின்னால் நடப்பதுபோல் நடக்கும்.

இதில் சமூகச் செய்தி எங்கே என்று கேட்கலாம். கடலுக்குப் போனவன் திரும்பாத வீடு இல்லாத மீனவக் கிராமம் கிடையாது. உடல் கிடைக்காத சாவுக்கு அழ முறை தெரியாது, நாள் தெரியாது. அந்த வீட்டுத் தாய்க்கு, இறந்த மகனை மடியில் வாங்கும் இன்னொரு தாயின் உருவம் ஆண்டுக்கு ஒரு முறை கிடைக்கிறது. அரசு கொன்ற ஒருவனின் உடல் அது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தீர்ப்பளித்து, ஆணையடித்து, சிப்பாய்களை வைத்துக் கொன்ற உடல். அதை ஊர் தோளில் சுமக்கிறது. எண்பதுகளின் இறுதியில் தெற்கிலும், பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் கோயிலுக்குள் என்ன பார்த்தார்கள் என்று சிற்பக்கலை பற்றிப் பேசுவோர் கேட்க வேண்டும். மூட்டு வைத்த அந்தக் கைதான் இந்தத் தீவில் மிக அதிகமானோரைத் தொட்ட சிற்பக்கை என்பது என் எண்ணம்.

சிலாபத்துக்கு வடக்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே, உடப்பு. தமிழ் பேசும் மீனவர் ஊர். பார்த்தசாரதியும் திரௌபதை அம்மனும் குடிகொண்ட கோயில். ஆடித் திருவிழாவின் முடிவில் தீமிதிப்பு. பாஞ்சாலி சபதத்தைத் தெருவும் திடலும் சேர்ந்து நடிக்கிற இந்த வழிபாடு தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இன்னொரு வடிவத்தில் இருக்கிறது. அங்கே படுகளத்தன்று துரியோதனனைப் பல அடி நீளத்துக்கு மண்ணால் மல்லாக்கக் கிடத்துவார்கள். வண்ணம் பூசி, மீசை வைத்து, கண் விழித்தபடி அரசன் தரையில் கிடப்பான். கூத்து முடிகிற இடத்தில் அவன் தொடை பிளக்கப்படும். திரௌபதி கூந்தலை முடிவாள். பெண்கள் முறத்தாலும் துடைப்பத்தாலும் அந்த உருவத்தை அடிப்பார்கள். பிறகு ஊரார் மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்; மறுநாள் அங்கே ஒரு மேடு மட்டும் இருக்கும்.

சபையில் ஒரு பெண்ணை அவமானப்படுத்திய அதிகாரம் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன சிற்பத்தை நான் எந்தக் கலைக்கூடத்திலும் கண்டதில்லை. அளவைக் கவனியுங்கள். அரசனைப் பெரிதாகத்தான் செய்கிறார்கள், ஆனால் படுக்க வைத்துச் செய்கிறார்கள். நின்றால் அண்ணாந்து பார்க்க வேண்டிய உருவம் கிடக்கும்போது, குழந்தைகூட அதன் மார்பில் ஏறி நிற்கலாம். அழிவதற்காகவே செய்யப்படுவதால் யாரும் அதற்குக் காவல் போட வேண்டியதில்லை.

கொடும்பாவியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மழை பொய்த்தால் ஊரில் யாரோ பெரும் பாவம் செய்திருக்கிறார்கள் என்று, வைக்கோலாலும் களிமண்ணாலும் ஒரு பாவியைச் செய்து, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைத்து, எல்லையில் கொளுத்துவது பழைய தமிழ் வழக்கம். அரசியல் அந்தச் சடங்கை அப்படியே வாங்கிக்கொண்டது. பஞ்சத்துக்குக் காரணமான பாவி இப்போது அமைச்சர். போர்த்துக்கல்லிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் உயிர்த்த ஞாயிறுக்கு முன் யூதாசின் உருவத்தைக் கட்டி எரிக்கும்போது, ஊரை ஏய்த்தவனின் முகத்தை அதற்கு வைத்துவிடுவது உண்டு. நம் நாட்டில் பத்திரிகையைத் திறந்தால் கொடும்பாவி எரிப்பு இல்லாத மாதம் அரிது. கலை விமர்சகர் எவரும் அதைச் சிற்பமென்று எழுதுவதில்லை. பழைய சாரம், வைக்கோல், ஒரு பானைத் தலை. அரைமணி நேரத்தில் ஆயத்தம், பத்து நிமிடத்தில் சாம்பல். ஏழையின் சிற்பம் அது. சிலை வைக்க நிலமும் அனுமதியும் வேண்டும். கொடும்பாவிக்கு ஒரு தீக்குச்சி போதும்.

கல்லூரியில் படித்த சிற்பிகளின் பக்கம் வருவோம். தமிழர் எல்லோரும் அறிந்த உதாரணம் சென்னை மெரீனாவின் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959 ஜனவரி 25-ல் திறக்கப்பட்டது. நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள்; தசைநார் ஒவ்வொன்றும் திமிறுகிறது. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய அதே கடற்கரையில் அது நிற்பது பொருத்தம்; சிங்காரவேலரும் மீனவக் குடியில் பிறந்தவர். இந்தச் சிலைக்கு முகம் இருக்கிறது, பெயர் இல்லை. தலைவர்கள் வரிசையாக நிற்கும் கடற்கரையில் பெயரில்லாத நால்வருக்கு இடம் கொடுத்ததே அதன் பேச்சு. அதே கரையில் கண்ணகி 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுத்தப்பட்டாள். 2001 டிசம்பரில் அகற்றப்பட்டாள். 2006 ஜூனில் திரும்பி வந்தாள். சிலம்பை உயர்த்தி அரசனிடம் நீதி கேட்டவளை அரசுகள் நடுவது, பிடுங்குவது, மறுபடி நடுவது என்று விளையாடின. இலங்கையில் அவள் கண்ணகை அம்மனாகவும் பத்தினித் தெய்வமாகவும் இரு மொழியாரிடமும் இருக்கிறாள். இங்கே அவளைப் பிடுங்க எவராலும் முடியாது. அவள் சதுக்கத்தில் இல்லை, மக்களின் நேர்த்தியில் இருக்கிறாள்.

சாந்திநிகேதனில் இராம்கிங்கர் பைஜ் 1938-ல் செய்த சாந்தால் குடும்பம் வேறு ஒரு பாடம் தருகிறது. பிழைப்புத் தேடி ஊர் பெயரும் ஆதிவாசிக் குடும்பம்: ஆண், பெண், குழந்தை, நாய். வெண்கலத்துக்குக் காசில்லை. சீமெந்தையும் அந்த மண்ணின் செம்பூரான் கல்லையும் குழைத்து வீசிக் கட்டினார். அந்த மக்கள் நடந்துபோகும் பாதையின் புழுதிதான் அவர்களின் உடலாகவும் ஆயிற்று. புத்தளக் கரைக்கு வந்து சேரும் சிற்பி முதலில் எடுக்க வேண்டியது இந்தப் பாடத்தை. இங்குள்ள பொருள் என்ன? தும்பு, கிடுகு, வலைத்துண்டு, கடல் மணல், பாலாவி அளங்களின் உப்பு. ஒன்றும் நூறாண்டு நிற்காது. நல்லது.

நம் நாட்டுக் கலைஞர்கள் எண்பதுகளின் பயங்கரத்துக்குப் பிறகு உருவத்தை வேறு விதத்தில் கையாளத் தொடங்கினார்கள். முழு உடலைச் செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை போலும். பிரதீப் சந்திரசிறி 1997-ல் உடைந்த கைகளை மட்டும் காட்சிக்கு வைத்தார். சித்திரவதையிலிருந்து மீண்ட ஒருவர் செய்த கைகள். ஜகத் வீரசிங்க, எம்பிலிப்பிட்டியவில் காணாமலாக்கப்பட்ட பாடசாலை மாணவர்களை நினைந்து 1999-ல் பாராளுமன்றத்துக்கு அண்மையில் அப்பாவிகளின் ஆலயத்தை எழுப்பினார். அரசே கேட்டுக் கட்டுவித்தது, அரசே பார்க்காமல் விட்டது, போருக்குப் பின் நகரை அழகுபடுத்தியபோது அது இல்லாமற் போயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மேல்நோக்கி எழும் கைகளைக் கொண்ட முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் 2021 ஜனவரி 8-ஆம் திகதி இரவில் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்; ஏப்ரலில் அது மறுபடி எழுந்தது. கல்லில் வடித்த துக்கத்துக்கு இந்த நாட்டில் புல்டோசர் எப்போதும் சில தெரு தள்ளி நிற்கிறது.

அதிகாரத்தின் சிலைகளுக்கும் இதே கதிதான் என்பதையும் சொல்ல வேண்டும். காலி முகத்திடலில் 1976 முதல் நிற்கும் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் வெண்கலச் சிலையை லெவ் கெர்பெல் என்ற சோவியத் சிற்பி செய்தார். 2022-ன் அரகலயப் போராட்டத்தின்போது அதன் கண்களைக் கறுப்புத் துணியால் கட்டினார்கள். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கடலோரம் நின்ற ஒரு சிலை, ஒரு முழத் துணியால் முதல் தடவையாக ஏதோ சொல்லத் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதத்தில் தங்காலையில் டி. ஏ. ராஜபக்ஷவின் சிலை கயிறு கட்டி வீழ்த்தப்பட்டது. 2020 ஜூனில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தார் அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையைத் துறைமுகத் தண்ணீருக்குள் தள்ளியதைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறை இது.

இந்தக் கட்டுரையின் கனமான பகுதி இனித்தான். 1990 ஒக்டோபர் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும், ஏறத்தாழ 75,000 பேரை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்கு ஒக்டோபர் 30-ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். புத்தளம் மாவட்டம்தான் அவர்களில் மிகப் பெரும்பாலோரை ஏற்றுக்கொண்டது. இந்தக் கரையில் நிகழ்ந்த, சமூகத்தின் முன் சொல்லப்பட வேண்டிய ஆகப் பெரிய கதை இது. உலகில் வேறெங்கும் என்றால் மூட்டை சுமந்த தாய், கை பிடித்த பிள்ளை என்று கரையில் ஒரு வெண்கலக் குடும்பம் நின்றிருக்கும். 2019-ல் வத்திக்கானில் திமோத்தி ஷ்மால்ஸ் ஒரே படகில் 140 அகதிகளை நிறுத்தியிருக்கிறார். ஆனால் இந்தக் கதைக்கு உரியவர்கள் உருவம் செய்து நினைவு கொள்ளாத சமயத்தவர். அவர்களுடைய துயரத்துக்கு அவர்கள் ஏற்காத வடிவத்தைக் கொடுப்பது, எவ்வளவு நல்ல மனத்தோடு செய்தாலும், இன்னுமோர் அத்துமீறல்.

மாலைதீவில் இது நடந்து முடிந்திருக்கிறது. ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் அங்கே ஒரு சுற்றுலா விடுதிக்காகக் கடலுக்குள் மனித உருவங்களைக் கொண்ட காட்சியகத்தை 2018-ல் அமைத்தார். பவளம் வளர இடம் கொடுப்பதும், கடல்மட்டம் உயர்வதைப் பற்றி எச்சரிப்பதும் நோக்கம். நல்ல நோக்கம்தான். அந்தச் செப்டெம்பரிலேயே அரச ஆட்கள் உருவங்களை உடைத்தெடுத்தார்கள். உடைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் முஸ்லிம் நாட்டில், விருந்தினர் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் இடத்தில் வைத்து, ஊராரைக் கேளாமல் அவர்களுக்கு எச்சரிக்கை செய்ய முடியும் என்று நினைத்ததில் பிழை இருந்தது. கற்பிட்டிக்கு அப்பால் பார் ரீஃப் பவளப் பாறைகள் 1998-லும் 2016-லும் வெளுத்துச் செத்தன. அங்கும் யாராவது இப்படி ஒரு யோசனையோடு வரக்கூடும். திருகோணமலையில் நம் கடற்படை கடலுக்கடியில் ஓர் அருங்காட்சியகம் வைத்துமிருக்கிறது. முதலில் கரையிலிருப்பவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

சிலை இந்த மாவட்டத்தில் எவ்வளவு எளிதில் வெடிமருந்தாகும் என்பதையும் நாம் கண்டுவிட்டோம். 2018 டிசம்பரில் மாவனெல்லயில் புத்தர் சிலைகள் சிதைக்கப்பட்டன. அந்த விசாரணையின் தடம் 2019 ஜனவரியில் புத்தளத்தின் வண்ணாத்திவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்துக்குக் கொண்டுபோனது. அங்கே வெடிபொருள்கள் பிடிபட்டன. எச்சரிக்கை வீணாயிற்று. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோயிலில் மட்டும் குண்டு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மே 12-ல் சிலாபத்தில் ஒரு முகநூல் வரியிலிருந்து வன்முறை கிளம்பியது. மறுநாள் கொட்டாரமுல்லவில் ஒரு முஸ்லிம் தச்சர் தன் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். சிலை உடைத்தவர்கள், சிலையின் முன் செபித்தவர்கள், இரண்டிலும் சம்பந்தமில்லாத ஒரு தச்சர்: ஐந்து மாதம் போதுமாயிற்று.

கட்டுவாப்பிட்டியில் அன்று இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சொரூபத்தைக் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எந்தச் சிற்பியும் சேர்க்காத ஒன்று அதில் சேர்ந்துவிட்டது. கடையில் வாங்கும் சாதாரணச் சாந்துச் சொரூபம்தான் அது; ஒரு கையை உயர்த்தி ஆசி கொடுக்கிறது; உடம்பெல்லாம் அயலவரின் இரத்தம். சமூகத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லும் உருவங்களில் இதை மிஞ்சியது எனக்குத் தெரியவில்லை. இதன் முன் நிற்கிறவருக்குப் பழிவாங்கும் கோபமும் வரலாம், அழுகையும் வரலாம். எது வரும் என்பதைச் சொரூபம் முடிவு செய்வதில்லை. பக்கத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது அது.

வெளியேற்றப்பட்டவர்களின் கதையை உருவமில்லாமல் சொன்ன கலைஞர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தவரான தா. சனாதனன். இடம்பெயர்ந்த தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் அவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து ஒரு தாளில் கீறித் தரச் சொன்னார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, வாசல் எந்தத் திசை. அவற்றைச் சேர்த்து 2011-ல் முற்றுப்பெறாத தோம்பு என்ற நூலாக்கினார். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்த காணிப் பதிவேடு. அரசு எழுதியதைக் குடிமக்கள் திருப்பி எழுதினார்கள். இது சிற்பமில்லை. ஆனாலும் மனித உருவம் செய்ய வேண்டிய வேலையை, அதாவது இல்லாதவரை இருக்கச் செய்வதை, இது செய்கிறது. உருவம் வேண்டாம் என்பதும் ஒரு சமூகத்தின் பேச்சு என்று இதைப் பார்த்தபின் எனக்கு உறுதியாயிற்று.

சுற்றுச்சூழல் வழக்குகளிலும் இந்தக் கரைக்குக் குறைவில்லை. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வரவிருந்தபோது சிலாபம் மறைமாவட்டமும் மீனவரும் எதிர்த்தார்கள். சொன்ன காரணங்களில் தலவில் புனித அன்னம்மாள் திருத்தலம் அருகில் இருப்பதும் ஒன்று. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் இலட்சக்கணக்கானோர் கூடும் இடம். மற்றச் சமயத்தாரும் நேர்த்தி வைத்துப் போகும் இடம். ஒரு சிறிய சொரூபம் சுற்றியிருக்கும் காற்றுக்காகவும் கடலுக்காகவும் சாட்சியாக நிறுத்தப்பட்டது. மின்நிலையம் 2011-ல் இயங்கத் தொடங்கிவிட்டது, வழக்கில் அன்னம்மாள் தோற்றாள். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபின், கொழும்பின் குப்பையை வண்ணாத்திவில்லுப் பக்கம் அருவக்காலுவுக்கு அனுப்ப முடிவாகியது. புத்தளம் மக்கள் சமய வேறுபாடு பாராமல் மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. ஆமைகள் செத்துக் கரையொதுங்கின.

இவற்றைப் பற்றி உருவம் செய்ய மணலே போதும். ஒடிசாவின் பூரிக் கடற்கரையில் சுதர்சன் பட்நாயக் ஆண்டுக்கணக்காக இதைச் செய்கிறார். ஏழை வீட்டில் பிறந்து, பாடசாலையைப் பாதியில் விட்டு, மணலில் விரலால் கற்றவர். புயலோ கொள்ளை நோயோ வந்தால் மறுநாள் காலை அது மணலில் இருக்கும். அவருடைய படைப்புகளில் பல எனக்குச் சுவரொட்டி போலத் தோன்றுகின்றன; வாசகம் எழுதி விளக்கிவிடுகிறார். ஆனால் முறை சரி. மணல் உருவத்தைச் சுற்றி நின்று பார்ப்பவர் அதே மணலில் கால் புதைய நிற்கிறார். மாலை அலை வந்து வாங்கிக்கொண்டு போகும். முஸ்லிம் பிள்ளைகளும் சேரக்கூடியதாக அது மனித உருவமாகவே இருக்கத் தேவையில்லை. கவிழ்ந்த வள்ளமாகவோ பொதியாகவோ இருக்கலாம்.

என் முடிவுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. எரிகிற உருவம் எரிந்துவிடும், அமைச்சர் இருப்பார். கரைகிற உருவம் கரைந்துவிடும், கொலையாளி சுகமாக இருப்பான். நிலைத்து நிற்பதற்காகத்தானே கல்? ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ், 1914-ல் போரில் இறந்த தன் பதினெட்டு வயது மகனுக்காக ஒரு சிற்பம் செய்யத் தொடங்கி, செய்வதும் அழிப்பதுமாக இருந்து 1932-ல்தான் முடித்தார். மகனின் உருவத்தைக் கடைசியில் விட்டுவிட்டார். முழங்காலிட்ட தாயும் தந்தையும் மட்டும் இன்று பெல்ஜியத்து விளாட்ஸ்லோ இடுகாட்டில் இருக்கிறார்கள். பதினெட்டு ஆண்டு உழைப்பு மணலில் போகக் கூடாது என்றால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கல் நிற்பதற்கும் மாதம்பைக் குதிரை நிற்பதற்கும் ஒரே காரணம்தான்: வந்து போகும் ஆட்கள். சோலில் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிரே 2011 டிசம்பரில் வைத்த சிறுமி சிலையைப் பாருங்கள். போரில் ஜப்பானிய இராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்களுக்காக, அவர்களின் ஆயிரமாவது புதன்கிழமைப் போராட்டத்தன்று அது திறக்கப்பட்டது. ஆயிரம் புதன்கிழமை மனிதர்கள் நின்ற இடத்தில்தான் சிலை வந்து உட்கார்ந்தது. குதிக்கால் தரையில் படவில்லை. பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை. வருகிறவர் அதில் அமரலாம். குளிர் காலத்தில் யாராவது அவள் கழுத்தில் சால்வை சுற்றிவிட்டுப் போகிறார்கள்.

நம்மிடமும் ஒன்று உண்டு. சீதுவ ரத்தொலுவச் சந்தியில் சந்திரகுப்த தேனுவர வடிவமைத்து 2000-ல் திறந்த, காணாமலாக்கப்பட்டோர் நினைவிடம். முகப்படங்கள் பதித்த சுவர். ஆண்டுதோறும் ஒக்டோபர் 27-ல் தாய்மார் வருகிறார்கள்; பூ வைக்கிறார்கள்; படத்தை விரலால் துடைக்கிறார்கள். பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் அரசு கட்டியது போய்விட்டது. சந்தியில் தாய்மாருடையது இருக்கிறது.

ரத்தொலுவவின் நாள் ஒக்டோபர் 27. யாழ்ப்பாண முஸ்லிம்களின் நாள் ஒக்டோபர் 30. ரத்தொலுவவுக்கும் புத்தளத்துக்கும் இடையில் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர், அதே ஏ-3 வீதி. அந்த மூன்று நாளில் தாய்மாரும் இடம்பெயர்ந்தவர்களும் சேர்ந்து வடக்கே போகலாம். தும்பாலும் வலையாலும் கட்டிய உருவங்களை ஆசந்தி சுமப்பதுபோலச் சுமந்து வென்னப்புவ, மாரவில, சிலாபம் கடக்கலாம். மாதம்பையில் எல்லோரும் நிற்பதுபோல் ஒரு நிமிடம் நிற்கலாம். உடப்புக்கு நேரே உருவங்களைக் கடற்கரைக்கு இறக்கி அலையில் விட்டுவிட்டு, மீதி வழியில் கையில் வீட்டு வரைபடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தளத்துக்குள் நுழையலாம்.